எஞ்சினின் நாடி

பழைய மோட்டார் வண்டி ஒன்றின் எஞ்சினைப் பிரித்து, தேய்ந்தவற்றை மாற்றி, சிலிண்டர்களைக் கடைந்து, மறுபடியும் பூட்டி முதன்முறையாக ஓட விடும் வேளை, வண்டிக்கு உடையவருக்கும் வேலை செய்த மேஸ்திரிக்கும் ஒருங்கே சோதனை வேளையாகும். புகை இல்லை, எண்ணெய் ஒழுகவில்லை, எண்ணெய் அழுத்தமும் சரியாகவே இருக்கிறது. ஆனால் சாலையில் சற்று வேகம் பிடித்ததும் ஸ்டியரிங் கையில் நடுங்குகிறது. கதவின் கைப்பிடி கிலுகிலுக்கிறது. கண்ணாடியில் தெரியும் பஸ் ஒன்று இரண்டாகத் தோன்றுகிறது.

"என்ன மேஸ்திரி, வேலைக்கு விடும் முன்பு இந்த நடுக்கம் இல்லையே?" என்கிறார் உடையவர். "புது வேலை ஐயா, ஆயிரம் மைல் ஓடினால் படிந்துவிடும்" என்கிறார் மேஸ்திரி. இருவர் சொல்லிலும் பாதி உண்மை உண்டு. இறுக்கமாக இருக்கும் உறுப்புகள் ஓட ஓடப் படிவது மெய்தான். ஆனால் கனம் மிகுந்த பிஸ்டன் ஆயிரம் மைல் ஓடியும் கனம் குறையப் போவதில்லை; மாற்றிப் பூட்டிய ஃப்ளைவீல் தானே திரும்பிச் சரியான இடத்தில் உட்காரப் போவதுமில்லை. இதை அறியாமல் காத்திருந்தால் பேரிங்குகள் பாழாகும். இதற்கு நேர் எதிராக, ஒன்றும் ஆராயாமல் எஞ்சினை மறுபடி இறக்கினால், ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்துச் செலவிட்ட பணம் இரண்டாம் முறையும் கரையும்; பட்டறைக்காரர் மீது ஒருவேளை அநியாயமாகப் பழியும் விழும். ஆகவே எஞ்சினைப் பிரிக்காமலே அதன் நோயை எப்படி அறிவது என்பதைப் பற்றி இன்று சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

எடுத்துக்காட்டாக, நம் எல்லோருக்கும் பழக்கமான அம்பாசடர் வண்டியை வைத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வண்டியின் மூன்றாம் வரிசையைத் தழுவி, வங்காளத்து உத்தர்பாராவில் 1957-ஆம் ஆண்டு முதல் செய்யப்பட்டு, 2014-ஆம் ஆண்டில் உற்பத்தி நின்றுபோன வண்டி அது. அமைச்சர்களையும் மணமக்களையும் ஒன்றுபோலச் சுமந்தது. நெடுங்காலம் அதில் இருந்த பெட்ரோல் எஞ்சின் 1489 கன சென்டிமீட்டர் கொள்ளளவு உடையது. நான்கு சிலிண்டர்கள் ஒரே வரிசையில் நிற்கின்றன. பிஸ்டனின் மேல்கீழ் ஓட்டம் 89 மில்லிமீட்டர். கிராங்க் ஷாஃப்டை மூன்று மெயின் பேரிங்குகள் தாங்குகின்றன. 1961 முதல் சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டின் எஞ்சின் 948 கன சென்டிமீட்டர்தான் என்றாலும் அதன் அமைப்பும் இதே ஜாதியைச் சேர்ந்ததே. ஆகவே ஒன்றுக்குச் சொல்வது பெரும்பாலும் மற்றதற்கும் பொருந்தும்.

முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். நான்கு சிலிண்டர் எஞ்சின் பிறவியிலேயே சிறிது நடுங்குவது. முதல் பிஸ்டனும் நான்காவதும் மேலே ஏறும்போது இரண்டாவதும் மூன்றாவதும் கீழே இறங்குகின்றன. தராசின் இரு தட்டுகள்போல ஒன்றை ஒன்று சமன் செய்துவிடும் என்றுதான் எண்ணத் தோன்றும். ஆனால் கனெக்டிங் ராடு சாய்ந்து சாய்ந்து செல்வதால் இந்தச் சமன் முழுமையாக அமைவதில்லை. கிராங்க் கால் சுற்று திரும்பும்போது, மேலிருந்து இறங்கும் பிஸ்டன் பாதி வழியான 44 மில்லிமீட்டரில் நிற்காமல் சுமார் 50 மில்லிமீட்டர் வந்துவிடுகிறது. எஞ்சிய 39 மில்லிமீட்டரை அடுத்த கால் சுற்றில் கடக்கிறது. இறங்குகிறவை ஒரு நடையும் ஏறுகிறவை வேறொரு நடையுமாக இருப்பதால், ஒரு சுற்றுக்கு இரண்டு முறை எஞ்சின் முழுவதையும் மேலும் கீழும் உலுக்கும் விசை ஒன்று மிஞ்சுகிறது. எவ்வளவு நுட்பமாக எடை பார்த்துப் பூட்டினாலும் இது போகாது.

இங்கிலாந்தின் ஃபிரெடரிக் லான்செஸ்டர் என்னும் பொறியியல் மேதை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதற்கு மாற்றுக் கண்டார். கிராங்கைப்போல் இரு மடங்கு வேகத்தில், ஒன்றுக்கொன்று எதிர்த் திசையில் சுழலும் இரண்டு எடைத் தண்டுகளை வைத்து அந்த விசையை அடக்கும் வழி அது. ஜப்பானின் மித்சுபிஷி நிறுவனம் 1970-களில் இந்தக் கருத்தைத் தன் எஞ்சின்களில் புகுத்தியது. ஆனால் நம் அம்பாசடரில் அப்படிப்பட்ட தண்டுகள் இல்லை. அதன் நடுக்கத்தை வாங்கிக்கொள்பவை எஞ்சினைத் தாங்கும் மவுண்டிங் ரப்பர்களே. எனவே, புது வண்டிகளில் ஏறி இறங்கிப் பழகியவர்கள் பழைய வண்டியிடம் அதே அமைதியை எதிர்பார்ப்பது, மாட்டு வண்டியிடம் பல்லக்கின் நடையைக் கேட்பது போலாகும். நன்றாக ஓடும் இன்னொரு அம்பாசடரில் ஒரு மைல் ஏறிப் பார்த்துவிட்டு, பிறகு நம் வண்டியைக் குறை சொல்வதே முறை.

அப்படி ஒப்பிட்டும் நம் வண்டியின் நடுக்கம் மிகுதியாக இருந்தால், அடுத்த கேள்வி இது: நடுக்கம் எஞ்சினுடையதா, வண்டியுடையதா? வண்டியைச் சமமான இடத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கை பிரேக்கைப் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, எஞ்சினை மட்டும் மெல்ல மெல்ல வேகப்படுத்துங்கள். சாலையில் கண்ட நடுக்கம் நின்ற இடத்திலும் வந்தால் அது எஞ்சினைச் சேர்ந்தது. வராவிட்டால் எஞ்சினைப் பெரும்பாலும் விடுதலை செய்துவிடலாம்; சக்கரங்களையும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டையும் நோக்கிப் போக வேண்டும்.

இங்கே பலரை ஏமாற்றும் நுட்பம் ஒன்று இருக்கிறது. டாப் கியரில் ஓடும்போது ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் எஞ்சினின் அதே வேகத்தில் சுழல்கிறது. ஆகவே அதன் தேய்ந்துபோன ஜாயிண்டோ, வளைந்த குழாயோ உண்டாக்கும் நடுக்கம், எஞ்சின் நடுக்கத்தின் வேடத்தை அப்படியே போட்டுக்கொண்டு வரும். வேடத்தைக் கலைக்க வழி எளிது. நடுக்கம் மிகுந்த அதே சாலை வேகத்தில், டாப் கியரிலிருந்து மூன்றாம் கியருக்கு மாறிப் பாருங்கள். எஞ்சின் வேகம் கூடும். ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் வேகம் மாறாது. நடுக்கமும் மாறாமல் அப்படியே இருந்தால் குற்றவாளி வண்டியின் அடியில் இருக்கிறான். நடுக்கம் எஞ்சினோடு சேர்ந்து மாறினால் எஞ்சினைத்தான் கேட்க வேண்டும்.

நடுக்கம் எஞ்சினுடையது என்று தெளிந்த பிறகு அதன் நாடியைப் பார்க்க வேண்டும். நம் நாட்டு வைத்தியர் மூன்று விரல்களை வைத்து வாதம், பித்தம், கபம் என்னும் மூன்று நாடிகளைப் பிரித்து அறிவார். நான்கு சிலிண்டர் எஞ்சினுக்கும் மூன்று நாடிகள் உண்டு. இரண்டு சுற்றுக்கு ஒரு முறை துடிப்பது ஒன்று. ஒரு சுற்றுக்கு ஒரு முறை துடிப்பது ஒன்று. ஒரு சுற்றுக்கு இரண்டு முறை துடிப்பது ஒன்று. எஞ்சின் நிமிடத்திற்கு 1200 சுற்று ஓடுகிறது என்றால் அது வினாடிக்கு 20 சுற்று. அப்போது இம்மூன்று நாடிகளும் முறையே வினாடிக்கு 10, 20, 40 துடிப்புகளாக இருக்கும். இன்று பலர் சட்டைப் பையில் இருக்கும் கைப்பேசியிலேயே அசைவை உணரும் சிறு கருவி இருக்கிறது. அதை எஞ்சினுக்கு அருகே உறுதியான இடத்தில் வைத்து, எண்ணிக்கையைக் காட்டும் செயலி ஒன்றைக் கொண்டு பார்த்தால், எந்தத் துடிப்பு ஓங்கி நிற்கிறது என்பது தெரிந்துவிடும். அது இல்லாதவர்களுக்கும் தேர்ந்த கையும் காதும் போதும்.

முதல் நாடியை எடுத்துக்கொள்வோம். நமது எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் தீப்பற்றி உழைக்கிறது. நால்வரில் ஒருவர் மட்டும் சோர்ந்தால், நால்வர் தூக்கும் பல்லக்கில் ஒருவர் கால் நொண்டுவதுபோல, இரண்டு சுற்றுக்கு ஒரு முறை எஞ்சின் இடறும். இந்த இடறல் மெதுவாக ஓடும்போதுதான் நன்றாகத் தெரியும். வேகம் கூடினால் மறைந்துபோகும். ஆகவே நின்ற இடத்தில் எஞ்சின் குலுங்கி, ஓட்டத்தில் அமைதியாகிவிட்டால், எடைக் குறையைத் தேட வேண்டாம். எரிதலில் உள்ள குறையைத் தேடுங்கள்.

அதைத் தேடும் முறை பழையது, இன்றும் பழுதில்லாதது. பிளக் கம்பிகளை ஒவ்வொன்றாக, உறையிட்ட இடுக்கியால், எஞ்சின் உடலோடு தொடுப்பு வைத்து விலக்க வேண்டும். வலுவான சிலிண்டரின் கம்பியை விலக்கினால் எஞ்சின் வேகம் பளிச்சென்று குறையும். சோர்ந்த சிலிண்டரின் கம்பியை விலக்கினால் ஒன்றும் நேராது. அதுவே நம் நோயாளி. மின்னணுப் பற்றவைப்புப் பொருத்திய வண்டியில் கம்பியை அந்தரத்தில் தொங்க விடக் கூடாது. பிறகு நான்கு சிலிண்டர்களிலும் அமுக்க அழுத்தத்தை அளந்து பாருங்கள். எண்கள் ஒன்றுக்கொன்று பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேறுபடாமல் இருந்தால் நல்லது. ஒரு சிலிண்டரில் மட்டும் குறைந்தால், டேப்பட் இடைவெளி மிக இறுகி வால்வு சரியாக மூடவில்லையா, வால்வு முகம் சரியாகத் தேய்க்கப்படவில்லையா, ரிங் உடைந்திருக்கிறதா என்று வரிசையாகப் பார்க்கலாம். அழுத்தம் நான்கிலும் சமமாக இருந்தும் ஒன்று சோர்ந்தால், பிளக்கும் கம்பியும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியும் விசாரணைக்கு உரியவை. தீப்பற்றும் வரிசை ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு என்பது. புதுப்பித்த பிறகு பூட்டும் அவசரத்தில் இரண்டு கம்பிகள் இடம் மாறிவிடுவது அரிய நிகழ்ச்சி அன்று.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. எஞ்சின் தலைப்பகுதியோடு காற்றுக் குழாய் சேரும் இடத்தில் கேஸ்கெட் சரியாக உட்காராவிட்டால், அந்தப் பக்கத்துச் சிலிண்டர்களுக்குக் காற்று மிகுந்து பெட்ரோல் குறையும். தூரிகையால் அந்த இணைப்பில் சிறிது எஞ்சின் எண்ணெய் தடவிப் பாருங்கள். எஞ்சினின் குரல் மாறினால் அங்கே ஒழுக்கு உண்டு. சிலர் பெட்ரோலையே தெளித்துப் பார்ப்பார்கள். சூடான எஞ்சினில் அது தீயோடு விளையாடுவதாகும்.

இரண்டாம் நாடி, ஒரு சுற்றுக்கு ஒரு முறை துடிப்பது. இதுவே எடைக் குறையின் அடையாளம். இதன் குணம் முன்னதற்கு நேர்மாறானது. மெதுவாக ஓடும்போது தெரியாது. வேகம் ஏற ஏறப் பெருகும். வேகம் இரண்டு மடங்கானால் இதன் விசை நான்கு மடங்காகும். ஃப்ளைவீலில் நடுவிலிருந்து 12 சென்டிமீட்டர் தள்ளி வெறும் 20 கிராம் எடை மிகுந்திருக்கிறது என்று கொள்ளுங்கள். நிமிடத்திற்கு 1500 சுற்றில் அது 6 கிலோ எடைக்குச் சமமான விசையோடு இழுக்கும். 3000 சுற்றில் அதுவே 24 கிலோவாகும். 4500 சுற்றில் 54 கிலோ. கையில் வைத்தால் தெரியாத எடை, ஓட்டத்தில் ஒரு பையனைத் தூக்கி எறியும் விசையாகிவிடுகிறது.

இந்த நாடி ஓங்கியிருந்தால், செலவில்லாத சோதனையிலிருந்து தொடங்க வேண்டும். முதலில் ஃபேன் பெல்டைக் கழற்றி, எஞ்சின் சூடேறுவதற்குள் ஒரு நிமிடம் மட்டும் ஓட்டிப் பாருங்கள். நடுக்கம் போய்விட்டால் ஃபேன் இறகோ, தண்ணீர் பம்போ, டைனமோ கப்பியோ காரணம். வளைந்த ஒரு ஃபேன் இறகுக்காக எஞ்சினை இறக்கிய பட்டறைகள் உலகெங்கும் உண்டு. அடுத்து, எஞ்சின் அதே வேகத்தில் ஓடும்போது கிளச்சை மிதித்துப் பாருங்கள். மிதித்தால் கிளச் பிளேட் நின்றுவிடும். ஆனால் ஃப்ளைவீலும் அதனோடு பூட்டிய பிரஷர் பிளேட்டும் சுழன்றுகொண்டே இருக்கும். மிதித்ததும் நடுக்கம் அகன்றால் கிளச் பிளேட்டையோ கியர்பெட்டியின் முன் தண்டையோ ஐயுறலாம். மிதித்தும் அகலாவிட்டால் ஃப்ளைவீல், பிரஷர் பிளேட், கிராங்க், பிஸ்டன் ஆகியவற்றின் பக்கம் வழக்கு நகர்கிறது.

இவற்றில் மிகுதியாகக் குற்றம் காணப்படுவது ஃப்ளைவீலும் பிரஷர் பிளேட்டுமே. பிரிக்கும்போது அடையாளம் இடாமல் கழற்றி, பூட்டும்போது துளை கிடைத்த இடத்தில் பூட்டினால், முன்பு ஒன்றை ஒன்று சமன் செய்திருந்த எடைகள் ஒரே பக்கம் சேர்ந்துவிடக் கூடும். ஃப்ளைவீலுக்கும் கிராங்கின் முகத்துக்கும் நடுவே ஒரு சிறு பிசிறோ அழுக்கோ சிக்கினாலும் சக்கரம் கோணலாக நின்று ஆடும். இவற்றைப் பார்க்கக் கியர்பெட்டியை விலக்க வேண்டும் என்றாலும், எஞ்சினின் உள்ளுறுப்புகளைத் தொட வேண்டியதில்லை. பிஸ்டன்களைப் பற்றிய ஐயம் கடைசியில் வர வேண்டியது. நான்கையும் ஒரே தொகுதியாக வாங்கிப் போட்டிருந்தால் பெரும்பாலும் அவை எடை ஒத்திருக்கும். உடைந்த ஒன்றுக்குப் பதிலாக வேறொரு தயாரிப்பில் ஒன்று மட்டும் வாங்கிப் போட்டிருந்தால் நிலைமை வேறு. அது 20 கிராம் கனமாக இருந்தாலும், 3000 சுற்றில் சுமார் 9 கிலோ விசையை மேலும் கீழுமாக வீசும். இதைத்தான் பட்டறைக்காரரிடம் தெளிவாகக் கேட்க வேண்டும்: பிஸ்டன்களும் கனெக்டிங் ராடுகளும் பூட்டும் முன் தராசில் ஏறினவா? ஏறின என்று அவர் எண்களைக் காட்டினால், அவர் மீது பழி இல்லை.

மூன்றாம் நாடி, ஒரு சுற்றுக்கு இரண்டு முறை துடிப்பது. இது முன்பு சொன்ன பிறவிக் குணம். இதைக் குணப்படுத்த முயலக் கூடாது. ஆனால் முன்னைவிட இது மிகுதியாக வண்டிக்குள் வருகிறது என்றால், எஞ்சின் மாறவில்லை. அதைத் தாங்குகிறவை மாறியிருக்கின்றன. ஆண்டுக்கணக்கில் வெயிலும் எண்ணெயும் பட்ட மவுண்டிங் ரப்பர் கல்லாகியிருக்கும். புது ரப்பரே போட்டிருந்தாலும், எஞ்சினின் முழுப் பாரமும் இறங்குவதற்கு முன்பே போல்டுகளை இறுக்கிவிட்டால், ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும். அப்போது போல்டுகளைத் தளர்த்தி, எஞ்சினைச் சிறிது நேரம் மெதுவாக ஓட விட்டு, அது தானாகத் தன் இருப்பில் அமர்ந்த பின் நிறுத்தி இறுக்குவதே முறை. சைலென்சர் குழாய் சட்டத்தில் எங்காவது முட்டுகிறதா என்று கையைச் செலுத்திப் பாருங்கள். விரலளவு இடைவெளி இல்லாத ஓர் இடம், முழு எஞ்சினின் நடுக்கத்தையும் வண்டிக்குள் கொண்டுவந்து சேர்க்கும்.

ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வந்து, அதைத் தாண்டியதும் மறையும் நடுக்கமும் இந்த வகையைச் சேர்ந்ததாகவே பெரும்பாலும் இருக்கும். ஊஞ்சலை அதன் ஆட்டத்துக்கு ஒத்துத் தள்ளினால் சிறு கையே பெரிய வீச்சை உண்டாக்குவதுபோல, எஞ்சினின் துடிப்பு ஒரு குழாயின் அல்லது தகட்டின் இயல்பான ஆட்டத்தோடு ஒத்துப்போகும்போது அது பெருகுகிறது. ஆனால் ஆறு சிலிண்டர் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அந்த எஞ்சின் மேல்கீழ் விசைகளில் சமன் உடையதுதான். எனினும் அதன் நீண்ட கிராங்க் ஷாஃப்ட் முறுக்கேறி அவிழும் ஆட்டத்துக்கு ஆளாகிறது. அதை அடக்க முன் கப்பியில் ரப்பர் ஒட்டிய வளையம் ஒன்று பலவற்றில் உண்டு. ரப்பர் விட்டுப்போனால் வளையம் நழுவும். கிராங்க் உடையவும் கூடும். வளையத்தில் உள்ள டைமிங் குறியும் இடம் மாறிப் பொய் சொல்லும்.

எப்போது சோதனையை நிறுத்த வேண்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். நடுக்கத்தோடு உள்ளிருந்து தட்டும் ஓசை கேட்டால், எண்ணெய் அழுத்தம் இறங்கினால், அல்லது நடுக்கம் நாளுக்கு நாள் வளர்ந்தால், அக்கணமே எஞ்சினை நிறுத்துங்கள். தளர்ந்த ஃப்ளைவீல் போல்டும் உருகத் தொடங்கிய பேரிங்கும் காத்திருக்க மாட்டா. மற்றபடி அமைதியான நடுக்கத்துக்குப் பொறுமையாக விசாரிக்கப் போதிய அவகாசம் உண்டு.

நேயர்களே, இத்தனை சோதனைகளிலும் எஞ்சினின் உள்ளே கை வைக்கும் நிலை கடைசியில்தான் வந்தது என்பதைக் கவனித்திருப்பீர்கள். முதல் நாள் செய்பவை ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும், செலவு ஒன்றுமில்லை. அப்படியும் எடைக் குறைதான் என்று முடிவானால், கிராங்க், ஃப்ளைவீல், முன் கப்பி, பிரஷர் பிளேட் ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்துச் சமன் பார்க்கும் இயந்திரம் உள்ள பட்டறைக்கு அனுப்புங்கள். அங்கே குறை எந்த உறுப்பில் புகுகிறது என்பது எண்ணாகவே வந்துவிடும்.

அந்தப் பழைய வண்டிகளுக்கு இனித் தொழிற்சாலை இல்லை. அவற்றைக் கைத்தொடுதலால் அறிந்த மேஸ்திரிகளும் ஒவ்வொருவராக ஓய்வு பெற்று வருகிறார்கள். அப்படிப்பட்ட ஒருவரை ஆதாரமில்லாத ஒரு சந்தேகத்தால் இழப்பது, ஒரு கிராங்க் ஷாஃப்டை இழப்பதைவிடப் பெரிய நஷ்டம். ஆகவே பட்டறைக்குப் போகும்போது கோபத்தை வீட்டில் வைத்துவிட்டு, ஒரு சிறு தாளை எடுத்துச் செல்லுங்கள். எந்த வேகத்தில் நடுக்கம் தொடங்குகிறது, நின்ற இடத்திலும் வருகிறதா, கிளச்சை மிதித்தால் என்ன ஆகிறது, பெல்டைக் கழற்றினால் என்ன ஆகிறது என்ற நான்கு கேள்விகளுக்கு விடை அதில் இருக்கட்டும். அந்தத் தாளைப் படித்தபின் நல்ல மேஸ்திரிக்கு எங்கே ஸ்பானரை வைப்பது என்று தெரிந்துவிடும்.